மடக்கு சைக்கிளில் மோட்டார் பூட்டி ஏற்காடு ஏறியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஹஸ்தம்பட்டியிலிருந்து:

நண்பர்களே, இருபது அங்குலச் சக்கரம் கொண்ட மடக்கு சைக்கிள் ஒன்று மூன்று ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. விடுமுறை நாட்களில் காரின் பின்பெட்டியில் போட்டு மேட்டூருக்கும் ஒகேனக்கல்லுக்கும் கொண்டுபோய் ஓட்டியிருக்கிறேன். உள்ளூர் மலைக்குத்தான் கொண்டுபோகத் துணிந்ததில்லை. எங்கள் மொட்டை மாடியில் நின்றால் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை முழுதாகத் தெரியும். தினமும் துணி காயப்போடும்போது பார்க்கிற மலையில் சைக்கிளோடு ஒருநாள் ஏறிவிட வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருந்தது. முழங்கால் ஒத்துழைக்காததால் முன்சக்கரத்தில் ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்ளேயே இருக்கும் மோட்டார்) பூட்டுவது என்று முடிவு செய்தேன்.

முதல் முறை பாதி மலையில் நின்றுவிட்டேன். விற்பனையாளர் "சின்னச் சக்கரத்துக்கென்றே செய்தது" என்று சொல்லிக் கொடுத்த மோட்டார், சமதளத்தில் அருமையாக ஓடியது. கோரிமேடு தாண்டி அடிவாரம் செக்போஸ்ட் வரைக்கும் எனக்குச் சிறகு முளைத்ததுபோல் இருந்தது. கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் வேகம் எட்டு கிலோமீட்டருக்கு இறங்கியது. ஆறாவது வளைவில் ஹப்பைத் தொட்டுப் பார்த்தேன், கை வைக்க முடியவில்லை. ஒன்பதாவது வளைவில், மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலர் தானாகவே நின்றுபோனது. மரத்தடியில் அரை மணி நேரம் ஆறவிட்டு, திரும்பி இறங்கிவிட்டேன். மேலே போகும் பஸ்ஸிலிருந்து குழந்தைகள் கை அசைத்தார்கள். நானும் அசைத்தேன். ஆனால் மனம் மிகவும் கனத்துப்போயிருந்தது.

கோளாறு மோட்டாரின் சக்தியில் இல்லை, அது சுற்றும் வேகத்தில் இருந்தது என்று பிறகுதான் புரிந்துகொண்டேன். இருபது அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் ஓடும். மணிக்கு 25 கிலோமீட்டர் போக நிமிடத்துக்கு 280 சுற்று வேண்டும். அந்த மோட்டார் அதற்கும் மேலே, முந்நூறுக்கு மேல் சுற்றும்படி கட்டப்பட்டது. அதை ஏற்றத்தில் 90 சுற்றில் உழலவிட்டால் பேட்டரி கொடுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகத்தான் போகும். பெரிய சைக்கிளின் 26 அங்குலச் சக்கரத்துக்குக் கட்டும் மோட்டார் நிமிடத்துக்கு 200 சுற்றுதான் சுற்றும். அதை வாங்கி என் சின்னச் சக்கரத்தில் கம்பி கட்டச் சொன்னேன். சமதளத்தில் இப்போது பதினெட்டு கிலோமீட்டருக்கு மேல் மோட்டார் இழுக்காது. எனக்கு அந்த வேகம் போதும். மலையில் பன்னிரண்டு கிலோமீட்டரில் சோர்வில்லாமல் ஏறுகிறது, ஹப் வெதுவெதுப்பாக மட்டுமே இருக்கிறது. இருபது வளைவையும் கடந்து ஏரிக்கரையில் நின்றபோது மணி எட்டு நாற்பது. மிளகாய் பஜ்ஜிக் கடைகள் அப்போதுதான் அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருந்தன.

அதற்குப் பிறகு நான்கு முறை ஏறிவிட்டேன். மற்றவர்களுக்கு எப்படி இருந்தது? பேட்டரி எவ்வளவு போட்டீர்கள்? நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள்.

மின்வாரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன், சூரமங்கலம்:

தம்பி, சுற்றுக் கணக்கை நீங்கள் சரியாகப் பிடித்துவிட்டீர்கள். நான் ஆற்றல் கணக்கைச் சொல்கிறேன். இது தெரியாமல் பேட்டரி வாங்கியவர்கள் பலர்.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500. ஆள், சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 95 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த எடையை 1,200 மீட்டருக்கு மேலே தூக்க மட்டுமே 310 வாட்-மணி வேண்டும் (ஆயிரம் வாட்-மணி ஒரு யூனிட்). முப்பது கிலோமீட்டர் சாலையில் டயர் உரசலுக்கு இன்னும் எண்பது. மொத்தம் 390. மோட்டாரும் கன்ட்ரோலரும் ஏற்றத்தில் நூற்றுக்கு எழுபது பங்குதான் சக்கரத்துக்குக் கொடுக்கும். அப்படியானால் காலை அசைக்காமல் ஏற 550 வாட்-மணிக்கு மேல் பேட்டரி வேண்டும். மடக்கு சைக்கிள்காரர்கள் வழக்கமாக மாட்டுவது 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி. அதாவது 360 வாட்-மணி.

ஆகவே, பாதி வேலையைக் கால் செய்தாக வேண்டும். கால் பாதி கொடுத்தால் பேட்டரியிலிருந்து 280 செலவாகும், மிச்சம் 80 இருக்கும். என் அனுபவமும் இதை ஒட்டியே வந்தது. ஏரிக்கு வந்தபோது மீட்டரில் ஒரே ஒரு கட்டம் எஞ்சியிருந்தது. ஆரம்ப வளைவுகளில் ஆசையில் மோட்டார் உதவியை முழுதாக வைத்து ஓட்டாதீர்கள். அடிவாரத்திலிருந்தே நடு நிலையில் வைத்து, மூச்சு வாங்காத அளவுக்கு மிதித்துக்கொண்டே போங்கள்.

மேலே போய் மறுபடி ஏற்ற அரை யூனிட் மின்சாரம்கூட ஆகாது. விடுதிக்காரர்களிடம் இதைச் சொல்லி, காசு தருகிறேன் என்றும் சொன்னால் யாரும் மறுப்பதில்லை. இரண்டு ஆம்பியர் சார்ஜரில் ஐந்து மணி நேரம் ஆகும். ஆனால், ஏறி வந்த சூட்டோடு பேட்டரியைச் சார்ஜில் போடக்கூடாது. நான் குளித்து, சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கழித்தே போடுவேன்.

சென்னையிலிருந்து ஒரு சகோதரி:

என் மாமியார் வீடு சேலத்தில் குகை என்ற பகுதியில். பள்ளி விடுமுறை வந்தால் ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறிவிடுவோம். என்னுடையது பதினாறு அங்குலச் சக்கரம். மடக்கித் துணி உறையில் போட்டுப் படுக்க வைத்தால் கீழ்ப் படுக்கைக்கு அடியில் போய்விடுகிறது. பேட்டரி தனிப் பை, என் தலைமாட்டில். டிக்கெட் பரிசோதகர் ஒருமுறை "இது என்னம்மா?" என்று கேட்டார். உறையைத் திறந்து காட்டினேன். வழியில் நீட்டிக்கொண்டிருக்கக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இருபது அங்குலம் என்றால் அடியில் போகாது, தெரிந்துகொள்ளுங்கள்.

விடியும் முன்பே சேலம் ஜங்ஷனில் இறங்கினோம். நடைமேடையில் விரித்துப் பூட்டி, பொத்தானை அழுத்தினால் திரையில் வெளிச்சம் வருகிறது, மோட்டார் ஓடவில்லை. ஒரு வாரமாக மகளும் நானும் திட்டம் போட்ட பயணம் அது. எவ்வளவோ அடக்கியும் கண்ணில் நீர் வந்துவிட்டது. மலை ஏறுவதை விட்டுவிட்டு, சைக்கிளை மடக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏற்காடு போனோம். அங்கே செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் இளைஞர் ஒருவர் விளக்கின் கீழே வைத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, மடக்குகிற இடத்தில் வயர் நசுங்கியிருக்கிறது" என்றார். மோட்டாருக்குப் போகும் கேபிளுக்குள் தடித்த வயர்கள் மூன்றும் தலைமுடிபோல் மெல்லிய வயர்கள் சிலவும் இருக்கின்றன. மெல்லியதில் இரண்டு அறுந்திருந்தன. அவற்றைச் சூடு வைத்து ஒட்டி, மேலே உறை போட்டுக் கொடுத்தார். எவ்வளவு வற்புறுத்தியும் ஐம்பது ரூபாய்க்கு மேல் வாங்கவில்லை. அந்தத் தம்பி நன்றாக இருக்க வேண்டும்.

காரணம் எளிதானது. எனக்குப் பூட்டிக் கொடுத்தவர் பேட்டரியையும் கன்ட்ரோலரையும் பின்கேரியரில் வைத்திருந்தார். மோட்டார் முன்னால். அதனால் தடித்த கேபிள் நடுக்கீலைத் தாண்டித்தான் வர வேண்டும், ஒவ்வொரு முறை மடக்கும்போதும் நசுங்கும். இப்போது கன்ட்ரோலரும் பேட்டரியும் ஹேண்டில் பையிலேயே இருக்கின்றன. மிதிப்பதை உணரும் பெடல் சென்சாரின் சின்ன வயர் ஒன்று மட்டும் கீலைத் தாண்டுகிறது, அதற்கும் ஒரு வளையம் அளவுக்குத் தளர்வு விட்டிருக்கிறேன். மோட்டார் பூட்டுவதற்கு முன்பே இதைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. இதை விமானத்தில் கொண்டுபோக நினைக்காதீர்கள். பயணிகள் விமானத்தில் 100 வாட்-மணி வரை லித்தியம் பேட்டரி கையில் கொண்டுபோகலாம், 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் கிடையாது. நம் பேட்டரி அதன் இரு மடங்குக்கும் மேல்.

அம்மாபேட்டையில் சைக்கிள் பட்டறை வைத்திருப்பவன்:

சகோதரி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பட்டறைக்கு வருகிறவர்கள் எத்தனை வாட் என்று கேட்கிறார்கள். மோட்டாரைத் தாங்கும் ஃபோர்க் என்ற முன்கவையைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. இது எனக்கு நெடுநாள் வருத்தம்.

முன்சக்கர மோட்டார் முழு இழுவையையும் ஆக்சில் என்ற நடு அச்சு வழியாக ஃபோர்க்கின் நுனியில்தான் போடுகிறது. சக்கரம் முன்னால் சுற்றினால் ஆக்சில் பின்னால் முறுக்கும். ஃபோர்க் இரும்பாக இருந்தால் ஓரளவு பொறுக்கும். அலுமினியம் வளையாமல் திடீரென்று பிளக்கும். ஒரு நாள் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். நட்டு இறுக்கமாகத்தான் இருந்தது, ஆனால் ஃபோர்க்கின் நுனியில் நகக்கண் அளவு விரிசல். இன்னும் இரண்டு வளைவு ஏறியிருந்தால் சக்கரம் கழன்றிருக்கும். அன்று முதல் டார்க் ஆர்ம் இல்லாமல் எந்த மோட்டாரும் என் பட்டறையை விட்டு வெளியே போவதில்லை. ஆக்சிலின் தட்டைப் பக்கத்தைக் கவ்வி ஃபோர்க்கோடு கட்டும் பட்டை அது. எவர்சில்வர் தகடு கிடைக்காத ஊரா இது! ஐந்து மில்லிமீட்டர் தகட்டில் பக்கத்து லேத் பட்டறையில் வெட்டிக்கொள்கிறேன்.

அகலத்தையும் அளந்து பாருங்கள். சாதாரண சைக்கிளில் ஃபோர்க்கின் இடைவெளி 100 மில்லிமீட்டர். டாஹன், பிராம்ப்டன் போன்ற மடக்கு சைக்கிள்களில் 74. அகலமான மோட்டாரை வாங்கிவிட்டு ஃபோர்க்கை விரித்துப் போடச் சொல்லிக் கேட்கிறார்கள். செய்ய மாட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். 250 வாட்டுக்கு உட்பட்டு, 25 கிலோமீட்டருக்கு மேல் ஓடாமல் இருந்தால் பதிவெண் தேவையில்லை என்பது சட்டம். அதைத் தாண்டிப் பூட்டச் சொன்னாலும் இதே பதில்தான்.

இறக்கத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே? பெரியவர் சொன்ன 310 வாட்-மணி ஏறும்போது உள்ளே போனது. இறங்கும்போது அதில் பெரும்பங்கு பிரேக் கட்டை வழியாகத்தான் வெளியே வர வேண்டும். பெரிய ரிம்மில் அந்தச் சூடு பரவ இடம் உண்டு. சின்ன ரிம்மில் அதே சூடு குறைந்த உலோகத்தில் ஏறுகிறது. கியர் வைத்த ஹப் மோட்டார் இறக்கத்தில் சும்மா சுழலும், பிரேக்குக்கு உதவாது. சென்ற ஆண்டு நான் ஒருவரோடு இறங்கினேன். அவர் பின்பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தார். பதின்மூன்றாவது வளைவுக்கு அருகே துப்பாக்கி வெடித்ததுபோல் சத்தம். பின்டியூப் வெடித்துவிட்டது. வளைவுக்கு முந்தைய நேர்ச்சாலையில் வெடித்ததால் சுவர் பக்கம் சாய்ந்து முழங்கை சிராய்ப்போடு தப்பினார். ரிம்மில் தண்ணீர் ஊற்றினேன், தோசைக்கல் போல் சுரீரென்றது. சூடான ரிம்மில் தண்ணீர் ஊற்றுவது தவறு, பதற்றத்தில் செய்துவிட்டேன்.

விட்டு விட்டுப் பிடியுங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தை அடக்குங்கள். நான்கைந்து வளைவுக்கு ஒருமுறை ஓரமாக நிறுத்தி ரிம்மைத் தொட்டுப் பாருங்கள். அறுபது அடிப் பாலத்தருகே நான் கட்டாயம் பத்து நிமிடம் நிற்பேன்.

நாகலூர்ப் பக்கம் தங்கியிருந்த ஆசிரியர்:

மேலே போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். ஏற்காட்டைச் சுற்றிவரும் 32 கிலோமீட்டர் லூப் ரோட்டில் சென்ற ஜனவரியில் போய்க்கொண்டிருந்தேன். மாலை ஐந்தரை இருக்கும். இருபுறமும் காப்பித் தோட்டம், மேலே சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் மிளகுக் கொடி. மோட்டாரின் சத்தம் எனக்கே கேட்கவில்லை. ஒரு வளைவில் திரும்பினால் முப்பது அடி தூரத்தில் மூன்று காட்டெருமைகள். ஒன்று சாலையின் நடுவில்.

நான் பிரேக் பிடித்து அசையாமல் நின்றேன். மணி அடிக்கவில்லை. அந்த விலங்கின் கால்கள் முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோல் இருந்தன. அது தலையைத் தாழ்த்தி ஒருமுறை மூச்சு விட்டது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. சைக்கிளைத் திருப்பாமல், ஒவ்வோர் அடியாகப் பின்னாலேயே நகர்ந்து வளைவு மறையும் வரை வந்தேன். கால் மணி நேரத்தில் அவை தோட்டத்துக்குள் இறங்கிவிட்டன.

தோட்டத்தில் வேலை செய்யும் அம்மா ஒருவர் பிறகு சொன்னார்: "வண்டிச் சத்தம் கேட்டா அதுங்களே ஒதுங்கிரும் சார். உங்க வண்டி சத்தமே போடலையே." அதை அவர் குற்றமாகச் சொல்லவில்லை, ஆனால் எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் சந்தையில் மாட்டுச் சலங்கை ஒன்று வாங்கி ஹேண்டிலில் கட்டினேன். பள்ளத்திலும் மேட்டிலும் தானாகவே ஒலிக்கும். ஐந்து மணிக்கு மேல் தோட்டச் சாலைகளில் போவதை அன்றோடு விட்டுவிட்டேன்.

மீண்டும் ஹஸ்தம்பட்டியிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. அம்மாபேட்டை அண்ணா, உங்கள் பதிவைப் படித்த கையோடு என் ஃபோர்க்கைக் கழற்றிப் பார்த்தேன். விரிசல் இல்லை, ஆனால் டார்க் ஆர்ம் ஒரு பக்கம்தான் இருக்கிறது. நாளை மாலை உங்கள் பட்டறைக்குக் கொண்டுவரட்டுமா? ஆசிரியர் ஐயா, சலங்கை நான் வாங்கிவிட்டேன், மகள் இப்போதே அதை வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறாள்.

வருகிற ஞாயிறு காலை ஐந்தரைக்கு அடிவாரம் செக்போஸ்ட்டில் இருப்பேன். சேர்வராயன் கோயில் வரை போய், குப்பனூர் வழியாக இறங்கலாம் என்று எண்ணுகிறேன். அந்தப் பாதையில் மடக்கு சைக்கிளோடு இறங்கியவர்கள் இருந்தால் சாலை எப்படி இருக்கிறது என்று சனிக்கிழமைக்குள் எழுதுங்கள். கூட வருபவர்கள் ஹெல்மெட்டும் ஒரு மாற்று டியூபும் கொண்டுவாருங்கள். காற்றடிக்கும் பம்பு என்னிடம் இருக்கிறது.