புதிதாகப் பிரின்சிபால் ஆனவன் கேட்கிறேன்: ப்ராஜெக்ட் மேனேஜ்மெண்ட் பள்ளிக்கூடத்துக்கு உதவுமா?

சாட்ஸ்வர்த் வாத்தியார்:

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் ஒரு அரசு தொடக்கப் பள்ளியில் பல வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டு, இந்த ஜனவரியில் பிரின்சிபால் அறைக்கு வந்திருக்கிறேன். வந்த வேகத்தில் மூன்று வேலைகளைக் கையில் எடுத்தேன். ஒரு பிளாக்கின் கூரை மழைக்கு ஒழுகுகிறது. வகுப்புக்குள் வாளி வைத்துத்தான் பாடம் நடக்கிறது. உடைந்த மேசைகளைப் போட்டு வைத்திருக்கும் ஓர் அறையை நூலகம் ஆக்க வேண்டும். மூன்றாவது, நான்காம் கிரேடு பிள்ளைகளின் வாசிப்பு. பல நாட்டுப் பிள்ளைகளின் வாசிப்பை அளக்கும் பிர்ல்ஸ் ஆய்வில், 2021-ல், நம் நாட்டு நான்காம் கிரேடு பிள்ளைகளில் 81 சதவீதம் பேருக்குப் பொருள் புரிந்து படிக்க வரவில்லை என்று வந்ததே, அது எங்கள் வகுப்பறைகளிலும் தெரிகிறது.

மூன்றும் பாதியில் நிற்கின்றன. எஸ்.எம்.டி. (பள்ளி நிர்வாகக் குழு) கூட்டத்தில் போன வாரம் முடிவு செய்ததையே இந்த வாரமும் முடிவு செய்கிறோம். ஆசிரியர்களிடம் கேட்டால் "இது எங்கள் வேலையா சார்?" என்கிறார்கள். பிரின்சிபால்களுக்கென்று கல்வித் துறை 2016-ல் வெளியிட்ட தர அளவுகோலையும் எடுத்துப் படித்தேன். எட்டுப் பகுதிகள், எல்லாம் நல்ல விஷயங்கள்தான். ஆனால் திங்கட்கிழமை காலையில் எதிலிருந்து தொடங்குவது என்று அதில் இல்லை.

என் மச்சான் கட்டுமானக் கம்பெனியில் இருக்கிறார். "ப்ராஜெக்ட் மேனேஜ்மெண்ட் கற்றுக்கொள்ளுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லி, கலர் கலராகக் கோடு போடும் ஒரு மென்பொருளைக் கணினியில் ஏற்றிக் கொடுத்தார். பள்ளிக்கூடமும் கட்டட சைட்டும் ஒன்றா? இதைப் பள்ளியில் நடத்திப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பீனிக்ஸ் டீச்சரம்மா:

தம்பி, உங்கள் மச்சான் சொல்வதில் பாதி சரி. நான் பிரின்சிபாலாக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், பள்ளியில் நடப்பதில் பெரும்பங்கு ப்ராஜெக்டே இல்லை. வருகைப் பதிவு, வராத ஆசிரியருக்கு மாற்று ஆள், கேட்டில் வந்து நிற்கும் பெற்றோர், இதெல்லாம் தினசரி ஓட்டம். அதற்கு முடிவு நாள் கிடையாது. முடிவு நாள் உள்ளதுதான் ப்ராஜெக்ட். தினசரி ஓட்டத்தையும் அட்டவணையில் ஏற்றினால் அந்த அட்டவணையைப் பராமரிப்பதே தனி வேலையாகிவிடும்.

அடுத்தது, இந்த முறைகள் பிறந்த இடத்தைப் பாருங்கள். கோடு போடும் அட்டவணைக்குப் பெயர் தந்த ஹென்றி கேண்ட் நூறு வருடத்துக்கு முன்னால் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கு வேலை செய்தவர். எந்த வேலை தாமதமானால் மொத்தமும் தாமதமாகும் என்று கண்டுபிடிக்கும் கணக்கு 1957-ல் டூபாண்ட் ரசாயனக் கம்பெனியில் வந்தது. அங்கே உத்தரவு போட ஒருவர், செய்ய ஒருவர். உங்கள் மூன்று வேலையில் நீங்கள் உத்தரவு போட்டு நடப்பது எவ்வளவு? 1996-ம் ஆண்டு பள்ளிகள் சட்டத்தின் 16-வது பிரிவை எடுத்துப் பாருங்கள். பள்ளியின் ஆளுகை எஸ்.ஜி.பி. (பெற்றோர் அதிகம் இருக்கும் பள்ளி ஆளுகைக் குழு) கையில், கல்விப் பணியை நடத்துவது பிரின்சிபால் கையில். கட்டடத்தை நிர்வகிக்கும் பொறுப்பு 20-வது பிரிவில் எஸ்.ஜி.பி.க்குப் போகிறது. அதனால் கூரை அவர்கள் முடிவு, வாசிப்பு உங்கள் முடிவு. நூலகம் இரண்டும் கலந்தது. இதைப் பிரிக்காமல் மூன்றையும் எஸ்.எம்.டி. கூட்டத்திலேயே பேசினால், முடிவெடுக்க முடியாத இடத்தில் உட்கார்ந்து முடிவெடுத்துக்கொண்டே இருப்பீர்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். முடிந்தது என்று எதைப் பார்த்துச் சொல்வோம், யார் முடிவெடுக்க வேண்டும், யார் சுமக்கிறார் (ஒரு பெயர்தான், "குழு" என்று எழுதக் கூடாது), பணம் பட்ஜெட்டில் எந்தத் தலைப்பிலிருந்து, எந்தத் தேதிக்குள். எழுத முடியாமல் எந்த இடத்தில் பேனா நிற்கிறதோ, அங்கேதான் வேலையும் நிற்கிறது.

பிறகு நாட்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். பள்ளியின் நிதியாண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. அடுத்த ஆண்டு பட்ஜெட்டைப் பெற்றோர் பொதுக்கூட்டத்தில் வைத்து ஓட்டு வாங்க வேண்டும். கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே அறிவிப்பு, 14 நாள் முன்பே பட்ஜெட் நகல் பள்ளியில் பார்வைக்கு. அக்டோபர் கடைசியில் கூட்டம் என்றால் செப்டம்பரில் அறிவிப்பு, அதற்கு முன் வரைவு, வரைவில் தொகை போட ஆகஸ்டிலேயே கொட்டேஷன். அடுத்த ஆண்டு செய்ய நினைப்பதற்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான இந்தக் குளிர்காலத்திலேயே ஆள் அலைய வேண்டும். மென்பொருள் இல்லாமலே தெரிகிற விஷயம். ஆனால் நம்மில் பலர் நவம்பரில்தான் "அடுத்த வருஷம் கூரை பார்க்கணும்" என்று பேச ஆரம்பிப்போம்.

ஆசிரியர்கள் "எங்கள் வேலையா" என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆண்டுக்கு 1,800 மணி நேரம் என்று அவர்கள் பணி நேரம் எழுதி வைத்தது. அதில் 80 மணி நேரம் தொழில் மேம்பாட்டுக்கு. புது வேலை கொடுத்தால் பழையதில் ஒன்றை எடுத்துவிட வேண்டும். எங்கள் பள்ளியில் நூலகத்தை, கூட்டத்தில் வாயே திறக்காத ஒரு மூன்றாம் கிரேடு ஆசிரியையிடம் கொடுத்தேன். அவருடைய மைதான டியூட்டியை எடுத்துவிட்டேன், அறைச் சாவியை அவர் கையிலேயே கொடுத்தேன், எந்தப் புத்தகம் வாங்குவது என்பதில் நான் தலையிடவில்லை. நம் கோயில்களில் ஈஸ்டர் நேரத்து மாரியம்மன் பூஜைக்கு ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போடுகிறோமே, அரிசி யார், அடுப்பு யார் என்று தெரிந்துவிட்டால் அங்கே ஒருவரும் "இது என் வேலையா" என்று கேட்பதில்லை.

கூட்டத்தைச் சுருக்குங்கள். புதன்கிழமை இடைவேளையில் ஸ்டாஃப் ரூம் சுவரில் ஒட்டிய தாளுக்கு முன்னால் நின்றபடியே பேசுங்கள். என்ன முடிந்தது, அடுத்து என்ன, எது தடுக்கிறது. தடுப்பதை நீக்குவதுதான் உங்கள் பங்கு. கலர் அட்டவணை மாவட்ட அதிகாரி வரும்போது காட்ட உதவும், வைத்துக்கொள்ளுங்கள்.

டர்பன் கான்ட்ராக்டர்:

டீச்சரம்மா சொன்னதோடு சைட் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

சார், கூரையை டிசம்பர் லீவில் செய்யலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பள்ளிகள் எல்லாம் அப்படித்தான் கேட்டு வரும். டிசம்பர் நடுவில் கட்டுமானத் தொழிலே மூடிவிடும், ஜனவரி தொடங்கித்தான் ஆட்கள் திரும்புவார்கள். போதாக்குறைக்கு நம் பக்கம் அது மழைக்காலம். ஜூன்-ஜூலை லீவுதான் சரி. கிட்டத்தட்ட மூன்று வாரம் கிடைக்கும், வானமும் காய்ந்திருக்கும்.

ஷீட் ஆஸ்பெஸ்டாஸா என்று முதலில் பாருங்கள். பழைய பிளாக் என்றால் இருக்க வாய்ப்பு உண்டு. அப்படியானால் 2020-ல் வந்த விதிகளின்படி பதிவு பெற்ற ஆஸ்பெஸ்டாஸ் கான்ட்ராக்டர்தான் அகற்றலாம். விலையும் மாறும், நாளும் மாறும். லீவு தொடங்கிய பிறகு இதைக் கண்டுபிடித்தால் அந்த லீவு போச்சு.

மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்குங்கள், ஆனால் மூவருக்கும் ஒரே வேலைப் பட்டியலைக் கொடுங்கள். ஒருவர் மழைநீர் வடியும் பீலிக்கும் சேர்த்து விலை போட்டு, இன்னொருவர் ஷீட்டுக்கு மட்டும் போட்டால் எதை எதோடு ஒப்பிடுவீர்கள்? கடைசித் தவணையில் ஒரு பங்கை முதல் பெரிய மழை வரை நிறுத்தி வைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். நானே கான்ட்ராக்டர், நானே சொல்கிறேன்!

சாட்ஸ்வர்த் வாத்தியார்:

நன்றி டீச்சரம்மா, நன்றி அண்ணா. டிசம்பர் லீவு என்றுதான் எஸ்.ஜி.பி.யில் பேசி வைத்திருந்தோம்.

இந்த ஆண்டு பட்ஜெட்டில் பராமரிப்பு என்று ஒரு தொகை இருக்கிறது, ஆனால் முழுக் கூரைக்குப் போதாது. இன்னொன்று, எங்கள் பெற்றோரில் ஒருவர் குவாண்டிட்டி சர்வேயர், கட்டட வேலையின் அளவையும் செலவையும் கணக்கிடுபவர். உதவத் தயார். ஆனால் அவர் எஸ்.ஜி.பி. உறுப்பினர் இல்லை. அவரை எப்படி உள்ளே கொண்டுவருவது? தேர்தல் வரை காத்திருக்க வேண்டுமா?

எஸ்.ஜி.பி. பொருளாளர், டோங்காட்:

காத்திருக்க வேண்டாம் சார். சட்டத்தின் 30-வது பிரிவில் எஸ்.ஜி.பி. குழுக்கள் அமைக்கலாம், உறுப்பினர் அல்லாதவரையும் அவருடைய நிபுணத்துவத்துக்காகச் சேர்க்கலாம். குழுவுக்குத் தலைமை மட்டும் எஸ்.ஜி.பி. உறுப்பினர் ஒருவரிடம் இருக்க வேண்டும். கூரைக் குழு என்று ஒன்று அமைத்துத் தீர்மானத்தை மினிட்ஸில் ஏற்றிவிடுங்கள். சர்வேயரோ அவர் வீட்டாரோ கொட்டேஷன் கொடுக்கக் கூடாது என்பதையும் அப்போதே பேசிவிடுவது நல்லது. பின்னால் பேசினால் மனஸ்தாபம்.

பணம் போதாததற்குக் கடன் வாங்கலாம் என்று யாராவது கிளம்புவார்கள். மாகாணக் கல்வி அமைச்சரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் எஸ்.ஜி.பி. கடனோ ஓவர்டிராஃப்டோ எடுக்க முடியாது. பெரிய பழுது என்பதால் மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதம் இப்போதே போட்டு, வாங்கிக்கொண்ட முத்திரையோடு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரும் வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

டர்பன் கான்ட்ராக்டர்:

பணம் பாதிக்குத்தான் என்றால் இந்த ஜூலையில் மழை அடிக்கும் பக்கத்தை மட்டும் முடியுங்கள், மறுபக்கம் அடுத்த ஜூலை. முழு வேலைக்கும் இப்போதே விலை வாங்கி வையுங்கள், அக்டோபர் பட்ஜெட்டில் ஊகத் தொகை போட வேண்டியிருக்காது.

பீனிக்ஸ் டீச்சரம்மா:

கூரைக்கு வழி கிடைத்துவிட்டது. வாசிப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன், அதுதான் கஷ்டமானது.

கூரை முடிந்ததா என்று மழை சொல்லிவிடும். வாசிப்பு முடிந்ததா என்று யார் சொல்வது? "நூலகம் திறந்தாச்சு" என்பதை முடிவாக எழுதினால் ரிப்பன் வெட்டிய மறுநாள் எல்லோரும் மறந்துவிடுவார்கள். பூட்டிய நூலகங்கள் நம் பகுதியில் எத்தனை இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். அதனால் நூலகத்தைத் தனி ப்ராஜெக்டாக வைக்காதீர்கள். வாசிப்புக்கு உள்ளே ஒரு துண்டாக்கிவிடுங்கள். அறை தயாராகும் வரை ஒவ்வொரு நான்காம் கிரேடு வகுப்பிலும் ஒரு பெட்டிப் புத்தகம் போதும். எடுத்துப் போன பிள்ளையின் பெயரை எழுத ஒரு நோட்டு.

அளப்பதற்கு, ஒவ்வொரு டெர்ம் தொடக்கத்திலும் முடிவிலும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நிமிடம் சத்தமாகப் படிக்கட்டும், படித்ததிலிருந்து இரண்டு கேள்வி. பரீட்சை மார்க்கோடு சேர்க்க வேண்டாம், சேர்த்தால் ஆசிரியர்களுக்குப் பயம் வந்துவிடும், எண்கள் அழகாகிவிடும்.

தொடங்கும் முன் ஒன்று செய்து பாருங்கள். கேரி க்ளைன் என்ற அமெரிக்க உளவியலாளர் 2007-ல் எழுதிய யோசனை. எல்லோரையும் உட்கார வைத்து, "நவம்பர் வந்துவிட்டது, இந்தத் திட்டம் படுதோல்வி. ஏன் என்று எழுதுங்கள்" என்று தாளைக் கொடுங்கள். திட்டத்தைக் குறை சொல்லத் தயங்குகிறவர்களும் இதற்கு எழுதுவார்கள். நான் செய்தபோது வந்த பதில்களில் அதிகம் இருந்தது, "வாசிப்பு நேரத்தில் பிரின்சிபால் இன்டர்காமில் அறிவிப்பு செய்கிறார்." அன்றிலிருந்து அந்த அரை மணி நேரம் இன்டர்காமைத் தொடவில்லை. ஒரு சென்ட் செலவில்லாத மாற்றம் அது, என்னிடம் நேரில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சாட்ஸ்வர்த் வாத்தியார்:

இன்டர்காம் விஷயம் எனக்கும் பொருந்தும் போலிருக்கிறது.

புதன் இடைவேளையில் எங்கள் எஸ்.எம்.டி.யில் பாதிப் பேருக்கு மைதான டியூட்டி. வியாழன் வைத்துக்கொள்கிறேன். ஷீட் ஆஸ்பெஸ்டாஸா என்று சர்வேயர் சனிக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதைத் தெரிந்துகொண்டு கூரைக்கான ஒரு பக்கத்தை எழுதி இங்கே போடுகிறேன், தொகைகளை மட்டும் மறைத்துவிட்டு. கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.