எம்பி3 கேட்டால் டிஎல்எல் எங்கே என்று கேட்கும்: துணைக்கோப்பு அனுபவங்கள்

பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து தருகிற குழுவில் நான் இருந்தேன். பதிவெல்லாம் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில்தான். காசு கிடையாது, பழைய கணினியிலும் ஓடும். எம்பி3 ஆக மாற்றப் போனால்தான் வம்பு. எம்பி3 ஆக மாற்றும் வேலையைச் செய்வது லேம் என்ற தனி நிரல். அதன் டிஎல்எல் (மற்ற மென்பொருள்கள் பயன்படுத்தும் துணைக்கோப்பு) எங்கே இருக்கிறது, காட்டு என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். "ஓசி மென்பொருள்னா அரைகுறையாத்தான் இருக்கும்" என்பார்கள் புதிதாக வருகிறவர்கள்.

விஷயம் அதுவல்ல. லேம், எல்ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வருவது. பதிப்புரிமைப்படி சேர்த்துக் கொடுக்கத் தடையில்லை. தடுத்தது காப்புரிமை, அதாவது கண்டுபிடிப்பின் மீதான உரிமை. எம்பி3 நுட்பத்துக்கு, அதை உருவாக்கியவர்களில் ஒன்றான ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத் தரப்பு கட்டணம் வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. சும்மா கொடுக்கிறவர்கள் அந்தப் பணத்துக்கு எங்கே போவார்கள்? லேம் குழுவே மூலநிரலை (மனிதர் எழுதிய நிரல் வரிகளை) மட்டும்தான் வெளியிட்டது. அதைக் கணினியில் ஓடும்படி தொகுத்த டிஎல்எல் வேறு யாரோ நடத்தும் தளத்தில் கிடக்கும். ஆடாசிட்டி கையேடு அங்கே கைகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதைப் படிக்காமல் கூகுளில் தேடிய ஒரு தன்னார்வலர் கணினியில் டிஎல்எல்லோடு விளம்பரப் பட்டைகளும் குடியேறின.

2017இல் அந்த உரிமத் திட்டம் முடிந்தது. 2019இல் வந்த ஆடாசிட்டி 2.3.2 பதிப்பு முதல் லேம் உள்ளேயே இருக்கிறது.

மறுமொழி 1

அண்ணே, லினக்ஸ்காரர்களுக்கு இதே கதை எழுத்துருவில். ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன், வெர்டானா எல்லாவற்றையும் மைக்ரோசாஃப்ட் 1996 முதல் இணையத்தில் இலவசமாகக் கொடுத்தது, 2002இல் நிறுத்தியது. ஆனால் பழைய உரிமம் செல்லும்: மூல இஎக்ஸ்இ கோப்பை (விண்டோஸ் நிறுவல் கோப்பை) அப்படியே, பிரிக்காமல் பகிரலாம். எழுத்துருவை உருவி வேறு பொதியில் (நிறுவல் தொகுப்பில்) போடக்கூடாது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் என்ன செய்தது தெரியுமா? எழுத்துருவே இல்லாத ஒரு பொதி! நிறுவும்போது அது சோர்ஸ்ஃபோர்ஜ் என்ற மென்பொருள் தளத்திலிருந்து அந்த இஎக்ஸ்இக்களை இறக்கி, உங்கள் கணினியிலேயே பிரித்துக்கொள்ளும். நடுவில் உரிமத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லி டெர்மினலில் (எழுத்தால் கட்டளையிடும் சாளரத்தில்) ஒரு திரை வரும். அதில் 'ஓகே' பொத்தானுக்குப் போக டேப் விசையை அழுத்த வேண்டும் என்று தெரியாமல் எத்தனை பேர் கணினியையே அணைத்திருக்கிறார்கள்!

மறுமொழி 2

எல்லாவற்றுக்கும் உரிமத்தையே காரணம் சொல்லாதீங்க தம்பிகளா. மைக்ரோசாஃப்டின் விஷுவல் பேசிக் 3 என்ற நிரல்மொழி காலத்து ஷேர்வேர் (முதலில் சும்மா பயன்படுத்திப் பார்த்துப் பிறகு காசு கொடுக்கும் மென்பொருள்) ஞாபகம் இருக்கா? அந்த மொழியில் எழுதியது விபிரன்300 டிஎல்எல் இல்லாமல் எதுவும் திறக்காது. அதைக் கட்டணமில்லாமல் சேர்த்துக் கொடுக்க மைக்ரோசாஃப்டே அனுமதித்திருந்தது. ஆனாலும் பலர் சேர்க்கவில்லை. கோப்பு கிட்டத்தட்ட 400 கேபி. சில நிரல்கள் அதில் கால்வாசிகூட வராது. மோடத்தில் இறக்குகிறவனுக்கு ஒவ்வொரு நிரலோடும் அதையே திரும்பக் கொடுப்பது அநியாயம் இல்லையா? ஒருமுறை கிடைத்த டிஎல்எல்லை ஃபிளாப்பியில் பத்திரமாக வைத்துக்கொண்டு கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தோம்.

மறுமொழி 3

முதல் பதிவு போட்டவன்தான். சார் சொல்வது சரி, அளவும் ஒரு காரணம். ஆனால் ஐபோனில் பதிந்த எம்4ஏ ஒலிக்கோப்பை விண்டோஸ் ஆடாசிட்டியில் திறக்க இன்றைக்கும் எஃப்எஃப்எம்பெக் என்ற துணை மென்பொருளைத் தனியாகத்தான் போட வேண்டியிருக்கிறது. கையேட்டில் இணைப்பு இருக்கிறது, அங்கிருந்தே எடுங்கள்.