அப்பாவின் ஹைலக்ஸ்: விற்பதா, வைத்திருப்பதா?

குழு: பரந்தன் வீட்டார்

செந்தூரன்: அப்பாவின் 1993 டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பைப் பார்க்க வவுனியாவிலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். விற்கலாமா என்று எல்லோரும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

பெரியப்பா: தம்பி, அவசரப்பட வேண்டாம். அதிலிருப்பது '3எல்' என்ற ரகத்து 2.8 லீற்றர் டீசல் எஞ்சின். டர்போவும் இல்லை, கணினிக் கட்டுப்பாடும் இல்லை, டீசலைப் பம்பே அளந்து அனுப்புவதால் நம்மூர் மெக்கானிக் எவரும் அதைக் கழற்றிப் பூட்டுவார். வால்வுகளையும் பிஸ்டனையும் ஒத்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட்டை மட்டும் ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஓட்டத்தில் அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் இடித்து எஞ்சினே பாழாகிவிடும். உங்கள் அப்பா அந்தத் தவணையைத் தவறவிட்டதே இல்லை.

சுகந்தி மாமி: அதை வாங்க என் காப்பு அடகுக்குப் போனதையும் எழுதுங்கள், அண்ணா.

ரமணன் (ரொறன்ரோ): டொயோட்டா என்ற பெயரை மட்டும் நம்ப முடியாது, பெரியப்பா. அவர்களின் டகோமா, டண்ட்ரா வாகனங்களின் சேஸி, அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், துருப்பிடித்த வழக்கில் டொயோட்டா 2016-இல் அமெரிக்காவில் சமரசத்துக்கு வந்தது.

பெரியப்பா: அது உண்மைதான், எஞ்சினை விட எனக்கும் சேஸியைப் பற்றித்தான் கவலை. முல்லைத்தீவிலிருந்து மீன் ஏற்றிய காலத்தில் உப்புத்தண்ணீர் பின்பக்கமாகத்தான் வடிந்தது. பின் ஸ்பிரிங் தகடு சேஸியோடு பூட்டப்படும் இடத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று கேட்டால் இரும்பு உறுதியாக இருக்கிறது, சத்தம் அமுங்கித் துரு செதில் செதிலாக உதிர்ந்தால் உள்ளே அரித்துவிட்டது.

சுகந்தி மாமி: எங்கள் வீட்டு மிட்சுபிஷி எல்200 பிக்கப்புக்கும் ஏறக்குறைய அதே வயதுதான், இன்றும் நெல் ஏற்றுகிறது. ஆனால் நம் குடும்பத்தில் டொயோட்டாவைத் தவிர வேறெதையும் யாரும் வாகனமாக மதித்ததில்லை.

பெரியப்பா: எல்200-ஐ நான் குறை சொல்லவில்லை, தங்கச்சி. ஹைலக்ஸின் பாகம் கிளிநொச்சியிலேயே கிடைக்கிறது. அறுவடை நேரத்தில் ஒரு பாகத்துக்காகக் கொழும்பைப் பார்த்துக் காத்திருக்க முடியாது என்பதால்தான் உன் அண்ணன் அதை விடவில்லை.

செந்தூரன்: 2020 மார்ச்சில் அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியதால்தான் பழைய வாகனங்களுக்கு இந்த விலை வந்தது. 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதித்துவிட்டார்கள். இனி விலை இறங்கும் என்று நினைக்கிறேன்.

ரமணன்: புதியவற்றுக்கு விதிக்கும் வரியைப் பார். விற்ற காசில் வேறொரு பிக்கப் வாங்க முடியுமா?

பெரியப்பா: சனிக்கிழமை சேஸியைத் தட்டிப் பார்ப்போம். உறுதியாக இருந்தால் விற்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

செந்தூரன்: அப்படியானால் வவுனியாக்காரரை வரச் சொல்வதா, வேண்டாமா?

சுகந்தி மாமி: வரட்டும். அதற்கு முன் என் காப்புக் கணக்கைப் பேசி முடியுங்கள்.