கிளீவ்லேண்டில் வாடகைக்கு விட இரட்டை வீடு வாங்கலாமா?

புதுவரவு கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் நியூ ஜெர்சியில் எச்-1பி விசாவில் மென்பொருள் வேலை பார்த்து வருகிறோம். இங்கே வீட்டு விலை எங்கள் சேமிப்புக்கு எட்டாத உயரத்தில் இருப்பதால், ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லேண்ட் நகரில், மேல்வீடு ஒரு குடும்பத்துக்கும் கீழ்வீடு ஒரு குடும்பத்துக்கும் விடக்கூடிய இரட்டை வீடு ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறோம். இணையத்தில் பார்த்து வைத்திருக்கும் வீட்டின் விலை 1,50,000 டாலர். ஒவ்வொரு தளத்துக்கும் மாதம் 1,100 டாலர் வாடகை வரும் என்கிறார் முகவர். 25 சதவீதம் கையிலிருந்து போட்டு மீதிக்குக் கடன் வாங்கினால், தவணையும் சொத்து வரியும் காப்பீடும் போக ஆண்டுக்கு ஏறத்தாழ 11,000 டாலர் மிஞ்சும் என்பது எங்கள் கணக்கு. போட்ட 37,500 டாலருக்கு இவ்வளவு வருமானம் என்பது நம்புவதற்குக் கடினமாக இருக்கிறது. நாங்கள் எதை விட்டுவிட்டோம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

பேரேடு எழுதியது:

வணக்கம். நீங்கள் சந்தேகப்பட்டது சரியே. உங்கள் எண்களை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஆண்டு வாடகை 26,400 டாலர். அதிலிருந்து சொத்து வரிக்கு 4,000, காப்பீட்டுக்கு 2,000, 7.5 சதவீத வட்டியில் 30 ஆண்டுக் கடனுக்கான தவணை ஏறத்தாழ 9,440 என்று கழித்திருக்கிறீர்கள் எனக் கொள்கிறேன். மிச்சம் 10,960.

இனி விடுபட்டவை. நியூ ஜெர்சியில் இருந்துகொண்டு நீங்களே வீட்டைப் பார்த்துக்கொள்ள இயலாது. சொத்து நிர்வாகிக்கு வாடகையில் பத்து சதவீதம் என்றால் 2,640. புதுக் குடித்தனம் வைக்கும்போதெல்லாம் பெரும்பாலான நிர்வாகிகள் தனிக் கட்டணமும் கேட்பார்கள். ஒருவர் காலி செய்து மற்றொருவர் வரும் இடைவெளிக்கு எட்டு சதவீதம், அதாவது 2,100 டாலர் ஒதுக்குங்கள். இந்த நகரத்து இரட்டை வீடுகளில் மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் தளத்துக்கு ஒன்றாக மீட்டர் இருக்கும். தண்ணீருக்கோ பெரும்பாலும் ஒரே மீட்டர்தான். ஆகவே தண்ணீர்க் கட்டணமும் கழிவுநீர்க் கட்டணமும் உரிமையாளர் தலையில் விழும், அதற்கு 1,800. அந்தக் கட்டணம் பாக்கி விழுந்தால் அது சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கப்படக்கூடும் என்பதால், வாங்குவதற்கு முன்பே பழைய பாக்கி இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். நூறு வயதை எட்டும் ஒரு மரவீட்டுக்குப் பழுதுபார்ப்புக்கும், கூரை, சூடேற்றும் உலை போன்ற பெருஞ்செலவுகளுக்கும் ஆண்டுக்கு 4,500 டாலரேனும் எடுத்து வைக்காமல் கணக்குப் போடக் கூடாது. இவற்றையெல்லாம் கூட்டினால் 11,040 டாலர் வருகிறது. உங்கள் உபரி முழுவதும் கரைந்து, 80 டாலர் நட்டமாகிறது.

சொத்து வரியும் இப்படியே நிற்காது. கிளீவ்லேண்ட் அடங்கிய கயஹோகா மாவட்டத்தில் ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை முழு மறுமதிப்பீடும், இடையில் மூன்றாம் ஆண்டில் ஒரு திருத்தமும் நடக்கும். 2024 மறுமதிப்பீட்டில் மாவட்டம் முழுவதும் வீடுகளின் மதிப்பு சராசரியாக 32 சதவீதம் அளவுக்கு உயர்த்தப்பட்டது. மதிப்பு ஏறிய அதே அளவுக்கு வரி ஏறுவதில்லை என்றாலும், பழைய உரிமையாளர் கட்டிய தொகையை உங்கள் கணக்கில் எழுதிக்கொள்வது ஆபத்து. மேலும் ஒஹாயோவில் வரி ஓராண்டு பின்தங்கியே வசூலிக்கப்படுகிறது. விற்பவர் உரிமையாளராக இருந்த காலத்துக்கான வரியைக் கிரையத்தின்போது அவர் பங்கிலிருந்து கழித்து வாங்கத் தவறாதீர்கள்.

ஏரிக்கரை எழுதியது:

நான் இந்த ஊரிலேயே குடியிருப்பவன். இரட்டை வீடுகளை வாடகைக்கு விட்டும் வருகிறேன். மேலே நண்பர் சொன்ன கணக்கு சரி. ஆனாலும் இங்கே வீட்டின் தலைவிதியைக் கணக்கைவிடத் தெருதான் நிர்ணயிக்கிறது. 1950-இல் 9.14 லட்சமாக இருந்த நகரத்தின் மக்கள்தொகை 2020-இல் 3.72 லட்சமாகச் சுருங்கிவிட்டது. ஆட்கள் போன பிறகும் வீடுகள் நின்றன. ஸ்லாவிக் வில்லேஜ் போன்ற பகுதிகள் 2007-08 வீட்டுக்கடன் நெருக்கடியில் நாட்டிலேயே மிக மோசமாக அடிபட்டவை. அங்கே ஒரு தெருவில் பூந்தொட்டி வைத்த முகப்புகளும் அடுத்த தெருவில் பலகை அடித்த ஜன்னல்களும் இருக்கும். விலைப்பட்டியலில் இரண்டும் ஒரே அஞ்சல் எண்ணில் வரும். தொலைவில் இருந்து வாங்குபவர்களிடம் விற்கப்படுவது பெரும்பாலும் இரண்டாவது தெருதான் என்பது என் கருத்து.

அடுத்து ஈயம். இதை நான் செலவுக் கணக்காக மட்டும் பார்ப்பதில்லை. 1978-க்கு முன் கட்டிய வீடு என்றால் ஈயச் சாயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மேலும் கீழும் தள்ளித் திறக்கும் பழைய மர ஜன்னலை ஒரு முறை தூக்கி இறக்கிப் பாருங்கள். சட்டமும் நிலையும் உரசும் இடத்தில் பல அடுக்குச் சாயம் தேய்ந்து, அடிப்பலகைப் பள்ளத்தில் மாவு போல உதிர்ந்து கிடக்கும். தவழும் குழந்தை அந்தப் பலகையைப் பிடித்துத்தான் எழுந்து நிற்கும்; அதே கையை வாயில் வைக்கும். கிளீவ்லேண்டில் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கூடுவது நெடுநாளைய துயரம். அதனால்தான் நகர மன்றம் 2019-இல் சட்டம் இயற்றி, 1978-க்கு முந்தைய வாடகை வீடுகளுக்கு ஈயப் பாதுகாப்புச் சான்றிதழை 2021 முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. விற்பவரிடம் அந்தச் சான்றிதழைக் கேளுங்கள். இல்லை என்றால் அதைப் பெற ஆகும் செலவை விலையிலேயே குறைத்துப் பேசுங்கள். என்னைக் கேட்டால், ஜன்னல்களை மாற்றப் பணம் ஒதுக்க முடியாதவர் இந்த ஊரில் பழைய வீட்டை வாங்கி ஒரு குழந்தையுள்ள குடும்பத்தைக் குடிவைக்கக் கூடாது.

2024-இல் வந்த மற்றொரு சட்டத்தின்படி, வெளியூர் உரிமையாளர்கள் உள்ளூரில் வசிக்கும் ஒருவரைப் பொறுப்பாளராக நியமித்தாக வேண்டும். வீட்டின் குறைகளுக்கு அவரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே முதலில் நல்ல நிர்வாகியைத் தேடுங்கள், பிறகு வீட்டைத் தேடுங்கள். எந்தெந்தத் தெருக்களில் வீடுகளை ஏற்றுக்கொள்வீர்கள், எவற்றை மறுப்பீர்கள் என்று அவரிடம் கேட்டால், அவர் மறுக்கும் இடங்களின் பட்டியலே உங்களுக்குப் பாதி வழிகாட்டும். ஓல்ட் புரூக்லின், வெஸ்ட் பார்க் போன்ற மேற்குப் பகுதிகளில் லாபம் குறைவாகத் தெரியும். ஆனால் குடித்தனக்காரர்கள் நிலைத்திருப்பார்கள். கிளீவ்லேண்ட் ஹைட்ஸ், ஷேக்கர் ஹைட்ஸ் ஆகிய புறநகர்களில் வீடு கைமாறும்போது நகராட்சியே சோதனையிட்டுக் குறைகளைப் பட்டியலிடும். அவற்றைச் சரிசெய்யும் பொறுப்பை யார் ஏற்பது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் மாடி எழுதியது:

விசாவைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன், தம்பி. எச்-1பி விசாவில் இருப்பவர் சொத்து வாங்கலாம், வாடகை பெறலாம். அது முதலீட்டு வருமானம். ஆனால் நீங்களே ஆள் தேடி, பழுதுபார்த்து, அன்றாட நிர்வாகத்தில் இறங்கினால் அது அனுமதியற்ற வேலையாகக் கருதப்படக்கூடும். எனவே நிர்வாகிக்குக் கொடுக்கும் பத்து சதவீதத்தை மிச்சப்படுத்தலாம் என்ற எண்ணமே வேண்டாம். குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

வரியில், நிலத்தின் மதிப்பு நீங்கலாகக் கட்டடத்தின் மதிப்பை 27.5 ஆண்டுகளில் தேய்மானமாகக் கழிக்கலாம். அதனால் தாளில் நட்டம் காட்டும். அந்த நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்கும் சலுகை ஆண்டுக்கு 25,000 டாலர் வரைதான். அதுவும் வருமானம் 1,00,000 டாலரைத் தாண்டியதும் குறையத் தொடங்கி 1,50,000-இல் அற்றுப்போகும். இருவர் சம்பளம் வாங்கும் உங்களுக்கு அது பெரும்பாலும் கிடைக்காது. அந்த நட்டம் பின்னாளைய வாடகை லாபத்துக்கு எதிராகவோ விற்கும்போதோதான் பயன்படும். இந்தியா திரும்பிய பிறகும் வீட்டை வைத்திருந்தால், நிகர வாடகைக்கே வரி கட்டுகிறேன் என்ற தெரிவை வரித்துறையிடம் பதிவு செய்யாவிடில் செலவைக் கழிக்காமல் மொத்த வாடகையிலேயே 30 சதவீதம் பிடிக்கப்படும். வெளிநாட்டவராக இருந்து விற்றால் விலையில் பொதுவாக 15 சதவீதம் வரிக்காக முதலில் நிறுத்திவைக்கப்படும்.

எல்எல்சி, அதாவது உரிமையாளரின் பொறுப்பை வரையறுக்கும் நிறுவனம் ஒன்றின் பெயரில் வாங்கச் சொல்வார்கள். அப்படியானால் ஒஹாயோவில் குடித்தனக்காரரை வெளியேற்றும் வழக்குக்கு நீங்களோ நிர்வாகியோ நேரில் வாதாட முடியாது, வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும். எதிர்த்தரப்பில், குழந்தைகளுள்ள மிக ஏழைக் குடும்பங்களுக்கு 2020 முதல் கிளீவ்லேண்டில் இலவச வழக்கறிஞர் உண்டு. அது நியாயமான ஏற்பாடு. அதை அறிந்தே இறங்குங்கள்.

புதுவரவு எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இணையத்தில் பார்த்த வீட்டுக்கு முன்பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டோம். நேரில் வரும்போது தவறாமல் பார்க்க வேண்டியது எது என்று ஏரிக்கரை ஐயா சொல்ல வேண்டும்.

ஏரிக்கரை எழுதியது:

முதலில் அடித்தளத்துக்கு இறங்குங்கள். சுவரில் வெண்படிவு பூத்திருந்தாலோ தரையில் வடிகாலைச் சுற்றிக் கறை வளையம் இருந்தாலோ மழைக்காலத்தில் தண்ணீர் வருகிறது என்று பொருள். வீட்டிலிருந்து தெருவுக்குப் போகும் கழிவுக் குழாய் பெரும்பாலும் சுட்ட மண்ணாலானது; முன்வாசல் மரத்தின் வேர் இணைப்புகளில் புகுந்திருக்கும். அதைத் தோண்டி மாற்ற ஆயிரக்கணக்கில் ஆகும், வழக்கமான வீட்டுச் சோதனையில் அது தெரியவும் தெரியாது. ஆகவே குழாய்க்குள் கேமரா விடும் சோதனைக்குத் தனியாகப் பணம் கொடுங்கள், செய்யும்போது அருகிலேயே நில்லுங்கள், பதிவை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விலையைக் குறைத்துக் கேட்க அந்தப் பதிவே ஆதாரம். விற்பவர் அந்தச் சோதனைக்கே சம்மதிக்கவில்லை என்றால் வேறு வீட்டைப் பாருங்கள்.