அவசரம்: பிரிட்டிஷ் பட்டாளத்து டிரெஸ், பட்டன் எத்தனை, காலர் என்ன கலர்? (நாடகத்துக்கு)

மேடைமணி · திங்கள், இரவு 11:40
வணக்கம். நாடகத்துக்கு பிரிட்டிஷ் பட்டாளத்து டிரெஸ் தைக்கணும். வாடகைக் கடையில சிவப்பு கோட்டு, ரெண்டு தோள்லயும் தங்கக் குஞ்சலம், வெள்ளை ஹெல்மெட்டு கொடுத்தாங்க. டைரக்டர் பார்த்ததுமே வேணாம்னு திருப்பி அனுப்பிட்டார். டெய்லர் நாளைக்கே துணி வேணும்ங்கிறார். முன்னாடி எத்தனை பட்டன்? காலர் என்ன கலர்? வெல்வெட்ல தைக்கலாமா? படம் இருந்தா போடுங்க ப்ளீஸ்.

காஜாபட்டன் · திங்கள், இரவு 11:58
எந்த வருஷத்துக் கதைங்க? அதைச் சொல்லாம பட்டன் எண்ணிக்கை சொல்ல முடியாது. அதிகாரி எத்தனை பேர், சாதாரண சிப்பாய் எத்தனை பேர்? எந்த ரெஜிமென்ட்? வெல்வெட் மட்டும் வேண்டவே வேண்டாம், லைட் பட்டா ராஜபார்ட் டிரெஸ் மாதிரி மின்னும்.

தென்றல்79 · செவ்வாய், காலை 6:15
சிவப்புக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடறீங்க? காக்கி போட்டுடுங்க. துணி ஈசியா கிடைக்கும், பார்க்கிறவங்களுக்கு உடனே வெள்ளைக்காரன் பட்டாளம்னு புரியும். எங்க ஸ்கூல் ஆண்டு விழாவுல எல்லா சுதந்திரப் போராட்ட நாடகத்துக்கும் காக்கிதான்.

பழைய_பட்டாளம் · செவ்வாய், காலை 7:02
இந்தக் கேள்வி இங்கே திரும்பத் திரும்ப வருகிறது; தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. காக்கி என்று சொன்னவருக்கு: 1846இல் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் திரட்டிய கைட்ஸ் படையிலிருந்துதான் காக்கி பரவியது. பிரிட்டனிலேயே அது பொதுச் சேவை உடையானது 1902இல். செங்கோட்டோடு பிரிட்டிஷ் காலாட்படை கடைசியாகப் போரிட்டது 1885 டிசம்பர் 30, சூடானில் ஜின்னிஸ் என்ற இடத்தில். வாடகைக் கடையின் வெள்ளை ஹெல்மெட்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிச் சமாசாரம். கேள்வி கேட்டவர் முதலில் வருடத்தைச் சொல்லட்டும். அடிப்படையே தெரியாமல் டெய்லரிடம் போவது துணிக்குக் கேடு.

நூலகப்பூச்சி · செவ்வாய், காலை 7:40
ஐயா, விவரம் சரி, அதைக் கொஞ்சம் இதமாகச் சொல்லலாமே. மேடைமணி, வருடம், ஊர், படை இந்த மூன்றையும் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் காலரையும் கஃப்பையும் பார்த்தால் ரெஜிமென்ட் தெரிந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். நீலம் என்றால் பெரும்பாலும் அரச ரெஜிமென்ட், மற்றவற்றுக்கு மஞ்சள், பச்சை, வெள்ளை, வெளிர் மஞ்சள் என்று போகும்.

மேடைமணி · செவ்வாய், காலை 9:20
வேலூர் கோட்டைங்க, சிப்பாய்ங்க எழுச்சி. 1806 ஜூலை 10. வெள்ளைக்காரங்க 14, நம்ம சிப்பாய் 10. பட்ஜெட் ரொம்ப இல்ல. கடையில நிக்கிறேன், சீக்கிரம் சொல்லுங்க.

நூலகப்பூச்சி · செவ்வாய், காலை 9:34
அப்படியென்றால் 69ஆம் காலாட்படை ரெஜிமென்ட். அதன் நாலு கம்பெனிகள் (உட்பிரிவுகள்)தான் அன்று கோட்டைக்குள் இருந்தன. அவர்களுக்குக் காலர், கஃப், தோள்பட்டை மூன்றும் பச்சை. பச்சைத் துணி ஒரு மீட்டர் சேர்த்தே வாங்குங்கள், கஃப் உள்பக்கத்துக்கும் தேவைப்படும்.

காஜாபட்டன் · செவ்வாய், காலை 9:51
இப்போ வேலை ஆகும். குறிச்சுக்கோங்க.

வெள்ளைக்காரச் சிப்பாய்க்குச் செங்கல் சிவப்பு. பளீர் சிவப்பு வாங்கிடாதீங்க. அசலில் அது மஞ்சிட்டி இனத்து வேர்ச்சாயம் ஏத்தின கம்பளி, வெயில்ல கொஞ்ச நாள்லயே மங்கிடும். அதிகாரிக்கு மட்டும் கொச்சினீல் பூச்சிச் சாயத்துல வந்த நல்ல சிவப்பு. மேடையில ரெண்டு சிவப்பும் பக்கத்துல பக்கத்துல நின்னா வசனமே இல்லாம யார் பெரியவன்னு தெரியும். கம்பளி கட்டுப்படி ஆகாது, கனமான காட்டன் டிரில் எடுங்க, உள்ள கேன்வாஸ் வச்சா விறைப்பா நிக்கும்.

1797க்கு அப்புறம் வெள்ளைக்காரச் சிப்பாய் கோட்டு முன்னாடி திறந்து கிடக்காது. ஒத்த வரிசைப் பட்டன், இடுப்பு வரைக்கும் மூடிடும், பின்னாடி குட்டை வால். பட்டன் முன்பக்கம் சுமார் பத்து, வெள்ளீயம், அதுல ரெஜிமென்ட் எண் இருக்கும். மேட் ஃபினிஷ் வெள்ளிப் பட்டன் போதும், தங்கம் வைக்காதீங்க. ஒவ்வொரு காஜாவைச் சுத்தியும் அரை அங்குல வெள்ளை நாடா. மேல நாலு அங்குலம் நீளம், இடுப்புக்கு வர வர மூணா குறையணும். அந்தக் குறுகல்தான் மார்பை அகலமா காட்டும். டெய்லர் எல்லாத்தையும் ஒரே நீளத்துக்கு வெட்டிடுவார், பக்கத்துலயே நின்னு பார்த்துக்கோங்க. அசல் நாடாவுல மெல்லிசா கலர் கோடு ஓடும், அது முன்வரிசைக்குக்கூட தெரியாது, விட்டுடுங்க.

இன்னொண்ணு. அசல் கோட்டுல துணியோட ஓரத்தை மடிச்சு அடிக்க மாட்டாங்க. அந்தக் கம்பளியை அடிச்சு இறுக்கியிருப்பாங்க, வெட்டின இடம் நூல் பிரியாது, அப்படியே விட்டுடுவாங்க. நீங்க டிரில்ல அதைச் செய்ய முடியாது. ஓவர்லாக் அடிச்சு உள்ள மடிங்க, வெளியில தையல் தெரியக் கூடாது.

தென்றல்79 · செவ்வாய், காலை 10:30
சிவப்பு போட்டதே அடிபட்டா ரத்தம் தெரியக் கூடாதுன்னுதானே? அதை ஒரு வசனமா வச்சா நல்லா இருக்கும்.

பழைய_பட்டாளம் · செவ்வாய், காலை 10:44
வைக்காதீர்கள். சிவப்புத் துணியில் ரத்தம் பட்டால் கறுத்துத் தெரியும். யார் வேண்டுமானாலும் வீட்டில் சோதித்துக்கொள்ளலாம். 1645இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் திரட்டிய புதிய மாதிரிப் படைக்குச் சிவப்பு கொடுக்கப்பட்டது, பிறகு அதுவே நிலைத்தது. எல்லோருக்கும் ஒரே நிறம், மலிவான சாயம், அவ்வளவுதான்.

சரஸ்வதி_அக்கா · செவ்வாய், பகல் 12:05
மணி தம்பி, நாடகத்துல எந்தக் காட்சி வருது? கேக்கறதுக்குக் காரணம் இருக்கு. தாக்குதல் நடந்தது விடியறதுக்கு முன்னாடி, ரெண்டு மூணு மணி வாக்கில. 69ஆம் ரெஜிமென்ட் ஆளுங்க பாரக்ஸ்ல படுத்துத் தூங்கிட்டு இருந்தாங்க. ஜன்னல் வழியாவும் கதவு வழியாவும் சுட்டாங்க. தூங்கினவன் பத்து பட்டன் போட்ட கோட்டோட எப்படி எழுந்து வருவான்? முழங்கால் வரைக்கும் வர்ற முரட்டு வெள்ளைச் சட்டை, வெறுங்கால், கையில கிடைச்ச துப்பாக்கி, அவ்வளவுதான் வேணும். கோட்டு தேவைப்படறது காவலுக்கு நின்னவங்களுக்கும் அதிகாரிக்கும்தான். 14 கோட்டு தைக்காதீங்க, நாலஞ்சு போதும். மிச்சக் காசைச் சிப்பாய்ங்க உடைக்குச் செலவு பண்ணுங்க, ஏன்னா இந்தக் கதையே அவங்க உடையிலதான் இருக்கு.

சட்டையை காடாத் துணியில தைங்க. பாலியெஸ்டர் கலந்த வெள்ளை போட்டா ஆஸ்பத்திரி யூனிஃபார்ம் மாதிரி தெரியும்.

காஜாபட்டன் · செவ்வாய், பகல் 12:20
அக்கா சொன்னதுதான் சரி. மணி, டெய்லர்கிட்ட இன்னும் வெட்டக் கொடுக்கலையே?

நூலகப்பூச்சி · செவ்வாய், பகல் 1:10
சிப்பாய்கள் உடையைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் சிப்பாய்களும் சிவப்பு கோட்டுதான் போட்டார்கள். இரண்டு பக்கமும் சிவப்பாக நின்றால் பார்ப்பவர் குழம்புவார். வித்தியாசத்தைத் தலையிலும் காலிலும் காட்டுங்கள். சிப்பாய்க்கு நீலத் தலைப்பாகை, தொடை வரை வரும் வெள்ளை அரைக்கால் உடை, அதன் ஓரத்தில் நீலப் பல் வரி, கீழே கால் வெறுமையாக, பாதத்தில் செருப்பு. 69க்கு வெள்ளைக் கால்சட்டை, தலையில் விளிம்பு வைத்த வட்டக் கறுப்புத் தொப்பி. குழாய் வடிவத் தொப்பியும் 1800 முதல் உண்டு, ஆனால் செய்வது கஷ்டம்.

பிரச்சினைக்குரிய புதிய தலைப்பாகை தனி. மதராஸ் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிராடாக் காலத்தில் வந்தது அது. தோல் சின்னம் வைத்து, தொப்பி போலவே தெரியும்படி செய்யப்பட்டது. கூடவே, சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சாதிக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடை மழிக்க வேண்டும், மீசை ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று உத்தரவு. மார்பில் தொங்கிய துப்பாக்கித் திருகுசாவி சிலுவை போல இருந்ததும் சந்தேகத்தைக் கிளப்பியது. மேக்கப் போடுபவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். பரேடு காட்சியில் நெற்றியும் காதும் வெறுமையாக இருக்கட்டும், அதற்கு முந்தைய காட்சியில் திருநீறும் நாமமும் கடுக்கனும் இருக்கட்டும்.

கோட்டைவாசி · செவ்வாய், பகல் 2:25
தலைப்பாகையை இவ்வளவு பெரிதாக்குவது ஆங்கிலேயர் எழுதிவைத்த கதை. கோட்டைக்குள் திப்புவின் பிள்ளைகள் இருந்தார்கள், மைசூர்க் கொடி ஏறியது. அரசியல் எழுச்சியை வெறும் துணிச் சண்டையாகக் குறைக்காதீர்கள்.

சரஸ்வதி_அக்கா · செவ்வாய், பகல் 2:50
கோட்டைவாசி தம்பி, துணிச் சண்டைன்னு லேசா சொல்லாதீங்க. மே மாசமே அதே கோட்டையில 4ஆம் ரெஜிமென்ட் ரெண்டாம் பட்டாலியன் அந்தத் தலைப்பாகையைப் போட மாட்டோம்னு மறுத்துச்சு. ரெண்டு பேருக்கு ஆளுக்கு 900 கசையடி. முதுகுத் தோலை உரிச்ச பிறகு அது துணி விஷயமா? தன் உடம்பு மேல என்ன இருக்கணும்னு முடிவு பண்ற உரிமைதான் அங்க அரசியல்.

பழைய_பட்டாளம் · செவ்வாய், மாலை 4:10
இரண்டு காரணமும் சேர்ந்தே இருந்தன. எழுச்சிக்குப் பிறகு அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள், கவர்னர் பென்டிங்க்கையும் கிராடாக்கையும் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். தலைப்பாகை அற்ப விஷயமென்றால் லண்டன் அதைச் செய்திருக்காது. கோட்டைவாசி ஆவணம் படித்துவிட்டுப் பேசினால் நல்லது.

கோட்டைவாசி · செவ்வாய், மாலை 4:31
ஆவணம் எல்லாம் படித்துத்தான் பேசுகிறேன் ஐயா. நான் வளர்ந்ததே அந்தக் கோட்டை அகழிக்கரைப் பக்கம். நாடகத்தில் திப்புவின் புலிக்கொடி ஏறும் காட்சி இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன். தலைப்பாகையும் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை.

காஜாபட்டன் · செவ்வாய், மாலை 5:15
விவாதம் நடக்கட்டும், எனக்கு மணி கிட்ட இன்னும் ரெண்டு மூணு சொல்லணும்.

சார்ஜென்ட் வர்றாரா? வலது கையில மட்டும் மூணு V பட்டை, கார்ப்பரலுக்கு ரெண்டு. அது 1802இல் வந்தது, அதனால தைரியமா வைக்கலாம். சார்ஜென்ட் இடுப்புல கருஞ்சிவப்புத் துணிக்கட்டு, நடுவுல பச்சைக் கோடு. அதிகாரிக்கு அதே துணிக்கட்டு கோடு இல்லாம, பட்டு, முடிச்சு இடது பக்கம். சாதாரணக் கம்பெனி அதிகாரிக்குக் குஞ்சலம் வலது தோள்ல ஒண்ணே ஒண்ணுதான். கோட்டைக் கமாண்டர் கர்னல் ஃபேன்கோர்ட்டுக்கு ரெண்டு.

டிரம் அடிக்கிற பையன் இருந்தா அவன் கோட்டே பச்சை, காலரும் கஃப்பும் சிவப்பு. அப்போ டிரம்மர்களுக்கு நிறத்தை அப்படியே மாத்திப் போடற வழக்கம்.

வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு மார்புல குறுக்கே ரெண்டு வெள்ளைப் பெல்ட். ரெக்சின் பளபளக்கும், வேண்டாம். பெல்ட் நாடா வாங்கி அதுல வெள்ளை டிஸ்டெம்பர் ரெண்டு தடவை அடிங்க. அசலிலயும் களிமண் பூச்சுதான், கோட்டு மேல தூள் உதிரும். தலைமுடியைப் பின்னாடி கட்டி வால் விடணும், 1808 வரைக்கும் அதை எடுக்கலை.

நூலகப்பூச்சி · செவ்வாய், மாலை 6:00
படம் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் உள்ள ஆன் எஸ்.கே. பிரவுன் ராணுவச் சேகரிப்பு இணையத்தில் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கிறது. லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தின் தளத்தில் துணி தெரியும் அளவுக்குப் படங்கள் உண்டு. சென்னையில் என்றால் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். பிற்காலத்தில் வரைந்த ஓவியங்களை நம்பித் தைக்காதீர்கள். அதில் 1812க்குப் பிந்தைய உயர்ந்த முன்தகட்டுத் தொப்பியை எல்லோர் தலையிலும் வைத்துவிடுவார்கள்.

பழைய_பட்டாளம் · செவ்வாய், இரவு 8:20
கோட்டையை மீட்க ஆற்காட்டிலிருந்து கர்னல் கில்லெஸ்பி கொண்டுவந்தது 19ஆம் லைட் டிராகூன். அவர்கள் குதிரைப்படை, கோட்டு சிவப்பு அல்ல. மீதமிருக்கும் செங்கோட்டை அவர்களுக்கும் மாட்டிவிடப் போகிறீர்கள், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன்.

சரஸ்வதி_அக்கா · புதன், காலை 8:05
மணி தம்பி, என்ன ஆச்சு? துணி எடுத்தாச்சா?

சரஸ்வதி_அக்கா · சனி, மாலை 7:30
தம்பி?

மேடைமணி · ஞாயிறு, இரவு 10:50
எல்லாருக்கும் நன்றி. ரிகர்சல்ல மாட்டிக்கிட்டேன். கோட்டு அஞ்சுதான் தைச்சோம், பச்சை காலர். மத்தவங்களுக்குக் காடாச் சட்டை. டைரக்டர் பாரக்ஸ் காட்சியையே மாத்தி எழுதிட்டார். குதிரைப்படை மேடைக்கு வரலை, சத்தம் மட்டும்தான். புலிக்கொடி இருக்கு. தலைப்பாகைத் தோல் சின்னத்துக்கு என்ன போடறதுன்னு தெரியலை, யாராவது சொல்லுங்க.

காஜாபட்டன் · ஞாயிறு, இரவு 11:12
பழைய செருப்புத் தைக்கிறவர்கிட்ட வெட்டுத் துண்டுத் தோல் கேளுங்க, எடைக்குப் போடுவார். வட்டமா வெட்டி, ஈரமா இருக்கும்போதே நடுவுல குழிச்சு, கறுப்பு அடிச்சு ஊசி நூல்ல பிடிச்சுடுங்க. பசை வச்சு ஒட்டாதீங்க, தலைப்பாகையைக் கழட்டி எறியற காட்சியில தெறிச்சு விழுந்துடும்.