இருபது டாலர் நோட்டில் இருந்த பாட்டி

சிட்னிக்கு வந்த புதிதில் பெட்ரோல் பங்க்கில் இரவு வேலை பார்த்தேன். கல்லாவில் சிவப்பு இருபது டாலர் நோட்டு நிறையச் சேரும். அதில் மூக்குக்கண்ணாடியும் லேஸ் தொப்பியும் போட்ட ஒரு பாட்டி. யாரோ ராணி வீட்டு ஆள் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் மீதிப் பணம் வாங்கிய பெரியவர் ஒருவர் நோட்டைத் தட்டி, "இந்தம்மா குதிரை திருடி மாட்டினவங்க, தெரியுமா?" என்றார். கிண்டல் என்று சிரித்துவைத்தேன்.

வீட்டுக்கு வந்து தேடினால் நிஜம். பெயர் மேரி ரெய்பி. இங்கிலாந்தின் லங்காஷயர் பக்கம், பாட்டி வளர்த்த பெண். பதின்மூன்று, பதினான்கு வயதில் பையன் வேஷம் போட்டு, ஜேம்ஸ் பரோ என்று பெயர் சொல்லித் திரிந்தபோது பிடிபட்டிருக்கிறாள். ஏழு வருஷம் நாடுகடத்தல். 1792 அக்டோபரில் கப்பலில் சிட்னி வந்து இறங்கியவள், ஒரு அதிகாரி வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலைக்குப் போனாள். 1794-இல் கல்யாணம். 1811-இல் புருஷன் இறந்தபோது கையில் ஏழு பிள்ளைகள். கப்பல், கிடங்கு, கடை எல்லாவற்றையும் அவளே நடத்தினாள். அவர்கள் வீட்டுக்கு வைத்த பெயர் என்டலி, கல்கத்தாவில் இருக்கும் ஒரு பேட்டையின் பெயர்! புருஷன் இந்தியாவுக்குக் கப்பலில் போய்வந்த ஆள்.

சிட்னி துறைமுகத்தில் சர்குலர் கீ பக்கம் ரெய்பி பிளேஸ் என்று ஒரு சந்து இருக்கிறது. அந்த வழியாகத்தான் தினமும் ரயிலுக்கு ஓடியிருக்கிறேன், பெயரைக் கவனித்ததே இல்லை.

~

அண்ணா, உங்கள் நோட்டுப் பாட்டி அதிர்ஷ்டக்காரி. அம்மாவைக் கூட்டிக்கொண்டு டாஸ்மேனியாவில் இருக்கும் ஹோபார்ட் போனபோது கேஸ்கேட்ஸ் பெண்கள் சிறையைப் பார்த்தோம். அவரைப் போல நாடுகடத்தப்பட்ட பெண்களை அடைத்த இடம். 1828 முதல் 1856 வரை ஓடிய ஜெயில், பெயர் என்னவோ 'ஃபாக்டரி'. இப்போது பெரும்பாலும் சுவரும் சரளைக்கல் முற்றமும்தான் மிச்சம். மலையடிவாரப் பள்ளம், வெயில் சீக்கிரம் போய்விடுகிறது, ஈரக்குளிர். அங்கே நின்று ஊர்த்துணியெல்லாம் துவைத்திருக்கிறார்கள். உள்ளே தப்புச் செய்தவர்களின் சட்டை முதுகில் மஞ்சளில் பெரிய இங்கிலீஷ் 'C' எழுத்து.

பிள்ளை பெற்றால் கொஞ்ச நாள்தான் கூட. பால் மறந்ததும் தாயைப் பிரித்து வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். பிழைத்த குழந்தைகள் மூன்று வயது வாக்கில் அநாதைப் பள்ளிக்கு. பிழைக்காதவை ஏராளம்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, நான்தான் சொல்லிக்கொண்டே வந்தேன். "அப்படி என்னத்தத் திருடினாளுங்க?" என்றார்.

நிறையப் பேர் துணிமணிதாம்மா என்றேன்.

"துணிக்கா?"