தெர்மிக் லேன்ஸ்: 'வெப்ப ஈட்டி' வேண்டாம், 'எரிகுழல்' வெக்கலாம்

எல்லாருக்கும் வணக்கம்.

கனத்த இரும்புக் கட்டியை ஆக்சிஜனால எரிச்சு வெட்டுற தெர்மிக் லேன்ஸுங்கற கருவிக்கு, இணைய அகராதியான விக்சனரியில ஏத்த ஒரு தமிழ்ப் பேர் தேடிக்கிட்டு இருக்கோம். 'வெப்ப ஈட்டி'ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார், அடுத்தவர் 'ஆக்சிஜன் வேல்'னு சொல்லியிருக்கார். ரெண்டும் கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்தக் கருவி என்ன பண்ணுதுன்னு ரெண்டுமே சொல்லல. பேர் வெக்கறதுக்கு முன்னாடி வேலையைக் கொஞ்சம் பாத்துருவோம்.

சாதாரண கேஸ் கட்டிங்ல அசிட்டிலீனோ எல்பிஜியோ வெச்சு இரும்பை நல்லா செவக்கக் காய வெச்சு, சுமார் 900 டிகிரி வந்ததும் ஆக்சிஜனைத் திறந்து விடுவாங்க. அந்தச் சூட்டுல இரும்பே ஆக்சிஜனோட சேந்து எரிய ஆரம்பிச்சுரும், எரிஞ்சு உண்டாகுற ஆக்சைடு இரும்பை விடக் கொறஞ்ச சூட்டுலயே உருகிடறதால ஆக்சிஜன் வேகத்துல அடிச்சுக்கிட்டு வெளிய போயிரும், வெட்டு விழுந்துரும். தகடு, கர்டர், கப்பலோட பக்கத் தகடு, இதுக்கெல்லாம் இது போதும். வார்ப்பிரும்புல இது சரியா நடக்காது, உள்ள இருக்குற கிராஃபைட் கெடுத்துரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்லயும் நடக்காது, மேல படியுற குரோமியம் ஆக்சைடு உருகணும்னா 2,400 டிகிரிக்கு மேல வேணும்.

இப்ப ஸ்டீல் பிளான்ட்ல உருகுன உருக்கை ஏந்துற லேடில்ங்கற பெரிய பாத்திரத்துல உறைஞ்சு போன ஸ்கல்லை எடுத்துக்கோங்க. உருக்கும் கசடும் கலந்து, டன் கணக்குல, ஒழுங்கான வடிவமே இல்லாத கட்டி. இல்லன்னா தாதுலேருந்து இரும்பு எடுக்குற ஊதுலையை நிறுத்தி உள்செங்கல் மாத்தும்போது அடியில தங்கியிருக்குற சாலமாண்டர்ங்கற உறைஞ்ச இரும்புக் கட்டி, பெரிய உலைன்னா அது நூத்துக்கணக்கான டன் இருக்கும். இதை அப்படியே தூக்கவும் முடியாது, திருப்பி உருக்கப் போடவும் முடியாது, துண்டு போட்டே ஆகணும். அங்கதான் லேன்ஸ் வருது.

சாமான் ரொம்ப எளிமை. நீளமான ஒரு இரும்புக் குழாய், பெரும்பாலும் உள்ள இரும்புக் கம்பிகளை நெருக்கி அடைச்சிருப்பாங்க, சிலதுல அலுமினியம் கம்பியும் கலந்திருக்கும். ஒரு முனையில கைப்பிடி, வால்வு, ஆக்சிஜன் ஹோஸ். மறுமுனையை கேஸ் டார்ச்சால காய வெச்சு ஆக்சிஜனைத் திறந்தா குழாயே எரிய ஆரம்பிச்சுரும், அதுக்கப்பறம் டார்ச் வேண்டாம். கம்பி மத்தாப்புல பறக்குற பொறி இரும்புத்தூள் எரியறதுதானே, அதே வேலைதான் இங்க கிலோ கணக்குல நடக்குது. சூடு 3,000 டிகிரி சுத்துவட்டாரத்துக்குப் போகும், அதனாலதான் வார்ப்பிரும்பு, ஸ்டெயின்லெஸ், கம்பி போட்ட கான்கிரீட்டு வரைக்கும் உருகி வழியுது. ஒரு கிலோ இரும்பு முழுசா எரிஞ்சு காந்த ஆக்சைடா மாற 270 லிட்டர் ஆக்சிஜன் வேணும், கணக்குப்படி 7 கன மீட்டர் சிலிண்டர்ல 26 கிலோ இரும்பு எரியணும், ஆனா ஆக்சிஜன்ல ஒரு பகுதி சும்மா பறந்து போறதாலயும் கட்டியில இருக்குற இரும்பும் கூடச் சேந்து எரியறதாலயும் ஒத்த சிலிண்டர் எந்த மூலைக்கும் பத்தாது, பல சிலிண்டரை மேனிஃபோல்டுங்கற பொதுக் குழாய்ல இணைச்சுத்தான் வேலையே ஆரம்பிப்பாங்க. குழாய் சில நிமிஷத்துல கரைஞ்சு கை பக்கம் வந்துரும், அடுத்த குழாயை மாட்டணும்.

இங்கதான் என் பாயிண்ட். கேஸ் கட்டிங்ல டார்ச் எரியாது, வெட்டுப்படற இரும்புதான் எரியும். லேன்ஸுல கருவியே எரிபொருள். இதைச் சொல்லாத எந்தப் பேரும் பாதிப் பேருதான். ஈட்டி குத்தும், குத்திட்டு அப்படியே இருக்கும். இது தன்னையே தின்னுக்கிட்டு உள்ள போற சாமான்.

இன்னொரு சிக்கல் இருக்கு, அதை யாரும் இன்னும் எழுதல. ஸ்டீல் பிளான்ட்ல லேன்ஸ்னு ரெண்டு சாமான் இருக்கு. 1952-ல ஆஸ்திரியாவுல லின்ஸ் நகரத்துல ஆரம்பிச்ச எல்டி முறையில, உருக்கு செய்யறதுக்காக உருகுன இரும்பு மேல ஆக்சிஜன் அடிக்கறாங்களே, அதுக்கும் லேன்ஸ்னுதான் பேரு. நம்ம நாட்டுல இந்த முறை முதல்ல ஒடிசாவுல இருக்குற ரூர்கேலா உருக்காலைக்குத்தான் வந்துச்சு. அந்த லேன்ஸுக்கு முனையில செம்பு, உள்ள தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும், அது எரியவே கூடாது, எரிஞ்சா விபத்து. நம்ம லேன்ஸோ எரிஞ்சாத்தான் வேலை. 'ஆக்சிஜன் வேல்'னு வெச்சா படிக்கிற பையன் ரெண்டையும் ஒண்ணுன்னு நெனைச்சுக்குவான், இது சின்னக் குழப்பம் இல்லைங்க.

அதனால எல்டி லேன்ஸுக்கு 'ஊதுகுழல்', இதுக்கு 'எரிகுழல்'. தட்டார் ஊதுகுழல் வெச்சு ஊதறாங்க, குழல் எரியறதில்ல, ஊதத்தான் ஊதுது, அந்தப் பேரு அங்க அப்படியே உக்காரும். எரிகுழல்ங்கறது வினைத்தொகை, எரிந்த குழல், எரிகின்ற குழல், எரியும் குழல், மூணு காலமும் பொருந்துது. எரிகுழல்னா பர்னர்னு நெனைச்சுருவாங்கன்னு ஒரு ஐயா கேட்டிருந்தார். பர்னருக்கு எரிப்பான்னு பழகிருச்சுங்க ஐயா, அது வேற ஒண்ணை எரிக்குது. இது தானே எரியுது. எரிக்கும், எரியும் இந்த வித்தியாசத்தைத் தமிழ் இவ்வளவு சுளுவா காட்டும்போது நாம ஏன் ஈட்டிக்குப் போகணும்?

'எரிகோல்'னும் யோசிச்சேன். ஆனா கோல்னா கெட்டியான கம்பின்னு தோணும், நடுவுல ஆக்சிஜன் போற ஓட்டை மறைஞ்சுரும். பேச்சுல எரிகோள்னும் காதுல விழும். இன்னொரு வசதி, பேருல ஆக்சிஜன் வராததால தமிழ்நாட்டு 'ஆக்சிஜன்', இலங்கை 'ஒட்சிசன்', பழைய 'பிராணவாயு' சண்டை எதுவும் கிடையாது, எல்லா ஊருக்கும் ஒரே சொல்லு.

வரலாறும் இந்தப் பேருக்குப் பொருந்துது. 1901 வாக்குல ஜெர்மனியில எர்ன்ஸ்ட் மென்னே இந்த ஆக்சிஜன் முறையை எடுத்து வந்தது கட்டியை வெட்டறதுக்கு இல்ல, ஊதுலையில இரும்பு உறைஞ்சு அடைச்சுக்கிட்ட வாயைத் திறக்கறதுக்கு. துளைக்கறதுதான் மொதல், வெட்டறது பின்னாடி. இன்னிக்கும் பெரிய கட்டின்னா மொதல்ல உருகுனது வழிஞ்சு வெளிய வர்ற மாதிரி கீழ வழி பண்ணிக்கிட்டுத்தான் வெட்டிக்கிட்டே போவாங்க. அதனால 'எரிகுழல் துளைப்பு', 'எரிகுழல் வெட்டு' ரெண்டும் தனித்தனிப் பதிவா வேணும்.

விளக்கத்துல பாதுகாப்பு ஒரு வரியாவது கட்டாயம் போடணும்னு கேட்டுக்கறேன். கட்டிக்குள்ள ஈரமோ தண்ணி தேங்குன பொந்தோ இருந்தா நீராவி வெடிச்சு உருகுன இரும்பு ஆள் மேல வரும். ஆக்சிஜன் அழுத்தம் கொறைஞ்சா நெருப்பு குழாய்க்குள்ள பின்னால ஏறும். எண்ணெய் பட்ட கையுறையோட ஆக்சிஜன் வால்வைத் தொடவே கூடாது. தமிழ்ல தேடிப் படிக்கறவர் அந்தக் குழாயைப் பிடிக்கிற தொழிலாளியாவும் இருக்கலாம்.

என் வரைவு: "எரிகுழல் – ஆக்சிஜன் செலுத்தப்பட்டுத் தானே எரிந்து கரையும் இரும்புக் குழாய், கனத்த உலோகக் கட்டி, உறைந்த உருக்கு, கான்கிரீட் ஆகியவற்றைத் துளைக்கவும் வெட்டவும் பயன்படுவது."

தண்ணிக்கடியில டைவர்ங்க வெட்டறதுக்கு வெச்சிருக்குற ராடும் உள்ள ஓட்டையுள்ளதுதான், கரண்ட்டுல பத்த வெச்சதும் தானே எரியறதுதான். அதுக்கு 'நீரடி எரிகுழல்' சரியா வருமான்னு கப்பல் வேலை தெரிஞ்சவங்க, முக்கியமா தூத்துக்குடி பக்கம் இருக்குறவங்க, அங்க வேலை பாக்கறவங்க வாயில என்ன சொல்லு இருக்குன்னு கேட்டு எழுதுங்க, அதுக்கப்பறம் விக்சனரியில ஏத்திரலாம்.